பதினாறு இடம், அதில் ஐந்து காலி: ஆம்ஸ்டர்டாமில் மெட்டாலிகா

ஏப்ரல் 26, 2023, புதன்

நாளை நெதர்லாந்து அரசருக்குப் பிறந்தநாள். நாடு முழுக்க விடுமுறை, ஊர் முழுக்க ஆரஞ்சு. அதே நாளில் அமெரிக்க ஹெவி மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிகா தன் எம்72 சுற்றுப்பயணத்தின் முதல் கச்சேரியை இங்கே வைத்திருக்கிறது. இரண்டும் ஒன்றாக வந்ததில் நகர மையத்து அறை வாடகை கையைச் சுடுகிறது. தென்கிழக்கே பைல்மர் பக்கம் தங்குவதுதான் புத்தி. கச்சேரி நடக்கும் யோஹான் க்ரைஃப் அரீனா நடந்து போகும் தூரம், மையத்துக்கு 54-ஆம் எண் மெட்ரோவில் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட.

பைல்மரில் தங்க இன்னொரு காரணம் சாப்பாடு. தென் அமெரிக்காவில் டச்சுக் காலனியாக இருந்த சுரினாம் 1975-இல் விடுதலை அடைந்த காலத்தில் அங்கிருந்து வந்த ஏராளமான குடும்பங்கள் இந்தப் பகுதியில்தான் குடியேறின. அவர்களில் ஒரு பங்கு, 1873 முதல் கப்பலில் கரும்புத் தோட்ட வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட வட இந்தியக் கூலிகளின் வம்சம். ஆகவே இங்கே ‘ரொட்டி’ என்று கேட்டால் அது நமக்குத் தெரிந்த ரொட்டிதான். உள்ளே பருப்புப் பொடி வைத்துத் தேய்த்த பெரிய ரொட்டி, எலும்போடு கோழி மசாலா, உருளைக்கிழங்கு, நீளக் காராமணிக்காய்ப் பொரியல், ஒரு அவித்த முட்டை. 12 யூரோ. நம் பணத்தில் ஆயிரத்தைத் தாண்டும், ஆனால் இரண்டு பேர் சாப்பிடலாம். ஓரமாக மஞ்சள் நிறத்தில் ஒரு மிளகாய்ச் சாந்து வைப்பார்கள். அதை ஊறுகாய் என்று நினைத்துக் கரண்டியில் அள்ளக் கூடாது. கடைக்கார அம்மா எச்சரிக்க மாட்டார், சும்மா பார்த்துக்கொண்டு நிற்பார்.

கடையின் நாலு மேசையில் மூன்றில் கறுப்பு டி-ஷர்ட். பேச்சு ஒன்றே ஒன்று: நாளைக்கு என்ன வாசிப்பார்கள்?

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெட்டிப் பேச்சாகத் தெரியும். ஆனால் இந்தச் சுற்றுப்பயணத்தின் விதியே விவாதத்துக்கென்று செய்தது போல இருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் ஒருநாள் இடைவெளி விட்டு இரண்டு கச்சேரி. முதல் இரவு வாசித்த எந்தப் பாட்டும் இரண்டாம் இரவு வராது. முதலில் இரண்டு இரவுக்கும் சேர்த்தே டிக்கெட் விற்றார்கள், ஒற்றை இரவு டிக்கெட் பிறகுதான் வந்தது. ஒற்றை இரவு வாங்கியவருக்கு ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ கிடைக்கலாம், ‘என்டர் சாண்ட்மேன்’ கிடைக்காமல் போகலாம். எந்த நாளில் எது என்று அவர்கள் சொல்லவில்லை. இதுதான் முதல் ஊர் என்பதால் பார்த்துக் காப்பியடிக்க முந்தைய ஊரின் பட்டியலும் இல்லை. எல்லோரும் ஒரே இருட்டில் கல்லெறிகிறோம்.

பக்கத்து மேசையில் ஒரு ஃபின்லாந்துத் தம்பதி. ‘த ஃப்ரேய்ட் எண்ட்ஸ் ஆஃப் சானிட்டி’ என்று ஒரு பாட்டு, 1988-இல் வந்த ஆல்பத்தில் இருக்கிறது. அதை முழுதாக மேடையில் வாசிக்க அந்த இசைக்குழுவுக்கு 2014 மே 28 வரை ஆயிற்று. வாசித்த ஊர் ஹெல்சிங்கி. அன்று அரங்கில் இருந்தவர்கள் இந்த இருவரும். சிதம்பர ரகசியத்தை நேரில் பார்த்தவர் போல, யார் எந்தப் பாட்டைச் சொன்னாலும் ஒரு சின்னப் புன்னகை மட்டும்.

ஒரு சங்கடம்: ராத்திரித் தண்ணீர் பாட்டில் வாங்கப் போன சூப்பர்மார்க்கெட்டில் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த ஃபாரெக்ஸ் அட்டையை மெஷின் துப்பிவிட்டது. உள்ளூர் வங்கி அட்டை அல்லது ரொக்கம் என்றார்கள். பின்னால் வரிசை நீள, பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு வர வேண்டியதாயிற்று. இங்கே குழாய்த் தண்ணீர் நன்றாகவே இருக்கிறது என்று பிறகுதான் புத்தி வந்தது. ரொக்கமாக 50 யூரோவாவது பையில் இருக்கட்டும்.

ஏப்ரல் 27, வியாழன்

காலையில் பத்து டிகிரிக்குக் கிட்டத்தில் காற்று. வெயில் வந்து வந்து போகிறது. மையத்தில் இன்று டிராம் ஓடாது. மெட்ரோ ஓடும், ஆனால் மூச்சு விட இடம் இராது. காலை ஒன்பதுக்குள் போய், மத்தியானம் ஒரு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். அதற்கு மேல் போனால் மெட்ரோ நிலையத்துப் படியிலேயே அரை மணி நேரம் கழிந்துவிடும்.

அரசர் பிறந்தநாளில் யார் வேண்டுமானாலும் தெருவில் துணி விரித்துப் பழைய சாமான் விற்கலாம், அனுமதி தேவையில்லை. சின்னப் பிள்ளைகள் பொம்மை விற்கிறார்கள், வயலின் வாசித்துக் காசு வாங்குகிறார்கள். வீட்டுக் கழிவறையை 1 யூரோவுக்கு வாடகை விடுகிறார்கள். கதவில் கையெழுத்துப் பலகை, உள்ளே சோப்பு, டிஷ்யூ எல்லாம் சுத்தம். ஆரஞ்சு நிற ஐசிங் போட்ட தொம்பூஸ் என்ற கேக்கை இன்று எல்லோரும் தின்கிறார்கள். இரண்டு மொறுமொறு அடுக்குக்கு நடுவே கஸ்டர்ட் கிரீம், ஒரு கடி கடித்தால் கிரீம் பக்கவாட்டில் பிதுங்கி ஜாக்கெட்டில் விழும். மேல் அடுக்கைத் தனியே எடுத்துத் தின்றுவிட்டுக் கீழ் அடுக்குக்கு வருவது உள்ளூர்ச் சூத்திரம்.

ஒரு கால்வாய் ஓரத்தில் பத்து வயதுப் பையன் அப்பாவின் சிடிக்களை விற்றுக்கொண்டிருந்தான். அப்பா பின்னால் நாற்காலியில், கையில் காபி. நடுவில் மெட்டாலிகாவின் ‘லோட்’, 50 சென்ட். 1996-இல் வந்தது, நீளம் 78 நிமிடம் 59 நொடி. ஒரு சிடியில் அதற்கு மேல் ஏற்ற முடியாது என்பதால் கடைசிப் பாட்டான ‘த அவுட்லா டார்ன்’-இன் வாலைச் சுமார் ஒரு நிமிடம் வெட்டித்தான் சேர்த்தார்கள். வெட்டாத வடிவம் பிறகு ஒரு சிங்கிளில் வந்தது. முடியை வெட்டிவிட்டார்கள், பாட்டையும் வெட்டிவிட்டார்கள் என்று பழைய ரசிகர்கள் அந்த ஆல்பத்தை மன்னிக்கவே இல்லை.

“ஏன் இவ்வளவு மலிவு?” என்று கேட்டால் பையன் அப்பாவைப் பார்க்கிறான். அப்பா சொன்னார்: “இன்னொன்று வீட்டில் இருக்கிறது. இன்று நாலாவது பாட்டு இதிலிருந்து வரும், பாருங்கள்.” எப்படித் தெரியும்? அவர் கணக்கு இது: தொடக்கத்தில் மூன்று பாட்டு பழைய ஆட்களைத் திருப்திப்படுத்த, ஐந்தாவதும் ஆறாவதும் ‘72 சீசன்ஸ்’ என்ற புது ஆல்பத்துக்கு, நடுவில் ஒரு பாலம் வேண்டும். பழைய வேகமும் கூடாது, புதிதாகவும் இருக்கக் கூடாது. தொண்ணூறுகள்தான் அந்தப் பாலம். டச்சுக்காரர்கள் ஊகத்தைக்கூடத் தீர்ப்பு மாதிரிதான் சொல்வார்கள்.

அரீனாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஏ4 தாளை விடப் பெரிய பை உள்ளே போகாது. வாசலில் கெஞ்சிப் பயனில்லை. காவலர் கையில் நிஜமாகவே ஒரு ஏ4 அட்டை, அதைப் பையின் மேல் வைத்துப் பார்க்கிறார். எங்கள் வரிசையில் ஒரு ஸ்பானியர் கேமராப் பையோடு வந்து, லாக்கர் தேடிப் போய், திரும்புவதற்குள் முதல் தொடக்கக் குழு முடித்துவிட்டது. காது அடைப்பான் கட்டாயம். டி-ஷர்ட் 45 யூரோ, நாலாயிரம் ரூபாய் ஓடிவிடும்.

மேடை மைதானத்தின் நடுவே மோதிரம் போல. மோதிரத்தின் உள்ளேயும் ஒரு கூட்டம் நிற்கிறது, அதைப் ‘பாம்புக் குழி’ என்கிறார்கள். சுற்றிலும் எட்டுக் கோபுரம், ஒவ்வொன்றிலும் உருளை வடிவத் திரையும் ஒலிபெருக்கியும். டிரம்ஸ் நாலு இடத்தில். தரைக்குள்ளிருந்து எழும்பும், முடிந்ததும் உள்ளே போகும். டிரம்ஸ் வாசிக்கும் லார்ஸ் உல்ரிக் கச்சேரியின் நடுநடுவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓடுகிறார். அதனால் யாருக்கும் மேடையின் முதுகு நிரந்தரமாகக் கிடைப்பதில்லை. முகமும் அப்படித்தான்.

முதல் பாட்டு ‘ஓரியன்’. சொல்லே இல்லாத எட்டரை நிமிடப் பாட்டு. ஒரு சுற்றுப்பயணத்தை இதில் தொடங்குவார்கள் என்று ரொட்டிக் கடையில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. 1986-இல் வந்த பாட்டு, முழுதாக மேடையேறியது 2006-இல்தான். சிலருக்குக் கண்ணீர், சிலருக்கு ‘பாட்டுக்காரர் எப்போது வாயைத் திறப்பார்’ என்ற தவிப்பு. இதில் ஒரு தொழில் லாபமும் இருக்கிறது. கூரையுள்ள இந்த ஸ்டேடியத்தில் எட்டுத் திசையிலிருந்து வரும் ஒலி சுவரில் அடித்துத் திரும்புகிறது. முதல் எட்டு நிமிடம் குரல் இல்லாமல் ஓடினால் ஒலிக்காரருக்கு கிடாரையும் டிரம்ஸையும் ஒழுங்குபடுத்த அவகாசம். அப்படியும் மேல் வரிசையில் முதல் அரை மணி நேரம் ஸ்நேர் டிரம்மின் அடி இரண்டு தடவை கேட்டதாக இறங்கி வந்தவர்கள் சொன்னார்கள். கீழே நின்றவர்களுக்கு அந்தக் குறை அவ்வளவாக இல்லை.

வந்த வரிசை இது. ஓரியன், ஃபார் ஹூம் த பெல் டோல்ஸ், ஹோலியர் தேன் தௌ, கிங் நத்திங், லக்ஸ் ஈட்டர்னா, ஸ்க்ரீமிங் சூசைட், ஃபேட் டு பிளாக், ஸ்லீப்வாக் மை லைஃப் அவே, நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ், சேட் பட் ட்ரூ, த டே தட் நெவர் கம்ஸ், ரைட் த லைட்னிங், பேட்டரி, ஃப்யூயல், சீக் அண்ட் டெஸ்ட்ராய், மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்.

நாலாவது பாட்டு ‘கிங் நத்திங்’. ‘லோட்’ ஆல்பம். கால்வாய்க்காரர் ஜெயித்துவிட்டார்.

புதுப் பாட்டு தொடங்கியதும் ஒரு பெரிய அலை பீர் வாங்கக் கிளம்பியது. நம்மூர் சபாவில் தனி ஆவர்த்தனம் வந்ததும் கேன்டீன் பக்கம் நழுவுவார்களே, அதே நடை, அதே குற்ற உணர்ச்சி.

திரும்பும்போது தெரு முழுக்க ஆரஞ்சுக் குப்பை. இந்த மாதம் முதல் தேதியிலிருந்து பானக் கேன்களுக்கும் 15 சென்ட் டெபாசிட் வந்திருக்கிறது. நள்ளிரவில் இரண்டு பேர் பெரிய பையோடு கேன் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள், ஒருவருடைய சட்டையில் ‘மெட்டாலிகா 1991’. டிக்கெட் காசைத் தேற்றுகிறாரோ என்னவோ.

ஏப்ரல் 28, வெள்ளி

இடைவெளி நாள். ஊர் தலைவலியோடு எழுந்திருக்கிறது. குப்பை வண்டிகள் விடியற்காலையே வேலையைத் தொடங்கிவிட்டன, பத்து மணிக்கெல்லாம் தெரு துடைத்துவிட்டது போல.

உண்மையில் இந்தப் பயணத்தின் உச்சம் இன்றுதான். முதல் இரவின் பதினாறு பாட்டு தெரியும், அவை மறுபடி வராது. ஆக இரண்டாம் இரவின் பதினாறைக் கணக்குப் போட்டே எட்டிப் பிடிக்கலாம். அரீனா பக்கத்துக் காபிக் கடையில் ஒரு ஜெர்மானியர் (டிரம்ஸ் சொல்லிக்கொடுப்பவர்) பீர் வைக்கும் வட்ட அட்டையைத் திருப்பிப் போட்டு ஒன்று முதல் பதினாறு வரை எழுதினார். ஃபின்லாந்துத் தம்பதி வந்தார்கள், பெல்ஜியத்திலிருந்து ஒரு கல்லூரிப் பையன் வந்தான். காபி 3.50, கூடவே கட்டைவிரல் அளவு ஒரே ஒரு பிஸ்கெட். அவரவர் காபிக்கு அவரவர் காசு, இதில் இங்கே யாருக்கும் கூச்சம் இல்லை.

நிச்சயமாக வரப்போகிறவை முதலில். என்டர் சாண்ட்மேன், ஒன், க்ரீப்பிங் டெத், சானிடேரியம்: நாலு. புது ஆல்பத்திலிருந்து நேற்று மூன்று, ஆகவே நாளையும் மூன்று: ஏழு. கறுப்பு ஆல்பம் என்று ரசிகர்கள் சொல்லும் 1991 ஆல்பத்தின் தி அன்ஃபர்கிவன், வேர்எவர் ஐ மே ரோம்: ஒன்பது. நேற்று எட்டிப் பார்க்காத 2016 ஆல்பத்திலிருந்து ஒன்று, அநேகமாக மாத் இன்டு ஃப்ளேம்: பத்து. கூட்டமே சேர்ந்து பாட விஸ்கி இன் த ஜார்: பதினொன்று.

மிச்சம் ஐந்து.

அவ்வளவுதான். இத்தனை நாள் சண்டை, இத்தனை டி-ஷர்ட், இந்த ஐந்து இடத்துக்காகத்தான். இதற்குப் பிறகு நடந்தது நம்மூர்க் கூட்டணித் தொகுதிப் பங்கீடு. ஆளாளுக்குத் தன் கட்சிக்கு இரண்டு தொகுதி.

ஃபின்லாந்துப் பெண்மணி ‘ஃப்ரேய்ட் எண்ட்ஸ்’ கேட்டார். பெல்ஜியப் பையனுக்கு ‘த அவுட்லா டார்ன்’. எனக்கு ‘டிஸ்போசபிள் ஹீரோஸ்’. ஜெர்மானியர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி போட்டார்: “சரி, எத்தனையாவது இடத்தில்?”

இதைத்தான் பெரும்பாலான ரசிகர்கள் யோசிப்பதில்லை. அரிய பாட்டு வேண்டும் என்பது பாதி கோரிக்கைதான். யாரை எழுப்பிவிட்டு அது அங்கே உட்காரும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் முழுக் கோரிக்கை.

அவர் நேற்றைய வரிசையை இடம் இடமாகப் பிரித்துக் காட்டினார். ஏழாவதும் ஒன்பதாவதும் மெதுவாகத் தொடங்கும் பாட்டுகள், நடுவில் எட்டாவதாகப் புதுப்பாட்டு ஒன்று. பதின்மூன்றாவது ‘பேட்டரி’, இரவிலேயே வேகமானது. கடைசி இரண்டும் ஊரே அறிந்தவை. உல்ரிக்கும் பாடகர் ஹெட்ஃபீல்டும் 1963-இல் பிறந்தவர்கள், இந்த வருடம் அறுபது தொடுகிறார்கள். ‘டையர்ஸ் ஈவ்’ மாதிரி இரட்டை பேஸ் டிரம் ஓயாமல் உருளும் பாட்டை வைத்தால், முன்னால் ஒரு இளைப்பாறல் வேண்டும், பின்னால் ஒன்று வேண்டும். 1988-இல் பதிவான அந்தப் பாட்டும் மேடை ஏற 2004 ஆயிற்று. “ஒரு அரிய பாட்டுக்கு நீங்கள் மூன்று இடம் கேட்கிறீர்கள், தெரியுமா?” என்றார்.

கிடார் சங்கதியும் இருக்கிறது. மேடையில் இவர்கள் பெரும்பாலான பாட்டை ரெக்கார்டில் இருப்பதைவிட அரை ஸ்வரம் கீழே இறக்கித்தான் வாசிக்கிறார்கள், குரலுக்காக. ‘சேட் பட் ட்ரூ’ மாதிரி இன்னும் கீழே போகும் பாட்டுக்கு வேறு கிடார் வேண்டும். மோதிர மேடையில் கிடாரை மாற்றித் தர உதவியாளர் சுற்றிக்கொண்டு ஓட வேண்டும். வேறு ஸ்ருதிப் பாட்டுகளை அடுத்தடுத்து வைப்பதா, பிரித்து வைப்பதா என்பதே ஒரு தலைவலி. அதில் வருடக்கணக்கில் வாசிக்காத ஒன்றைச் செருகினால், அதற்கு ஒத்திகை தனி.

நீளம் இன்னொரு வில்லன். ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ பத்து நிமிடத்துக்குப் பக்கம். 1989-இல் அதை வாசிக்கும்போது முன்வரிசை கொட்டாவி விட்டதைப் பார்த்து, இனி இதைத் தொடவே வேண்டாம் என்று முடிவெடுத்ததாக கிடார் வாசிக்கும் கிர்க் ஹாமெட் சொல்லியிருக்கிறார். அது மறுபடி மேடையேற 2007 ஆயிற்று. இடையில் பதினெட்டு வருடம் ஏங்கிப் போன ரசிகர்கள்தான் அதைக் கேட்டுக் கேட்டு அரிய பாட்டாக்கினார்கள். அன்று கொட்டாவி விட்டவர்களும் அதே ஆட்கள்தானே என்று எனக்கு ஒரு சந்தேகம்.

“அப்படியானால் ரசிகர்களிடமே ஓட்டு விடலாமே?” பையன் கேட்டான். விட்டார்களே, 2014-இல். டிக்கெட் வாங்கியவர்கள் ஓட்டுப் போட்டுப் பட்டியல் தயாரித்தார்கள். ஊர் ஊராக ஏறக்குறைய அதே பாட்டுகள், அதே தலைகள். அரிய பாட்டு கேட்பவர் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று கேட்பார், ஓட்டு சிதறும். ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ யாருக்கும் மூன்றாவது தேர்வாகவாவது இருக்கும், ஜெயித்துவிடும். ஹெல்சிங்கியில் ‘ஃப்ரேய்ட் எண்ட்ஸ்’ நுழைந்தது அந்த ஓட்டில்தான். ஃபின்லாந்துக்காரர் முதல் தடவையாக வாயைத் திறந்து, “நாங்கள் சிதறவில்லை” என்றார்.

என் பக்கத்து நியாயத்தையும் வைத்தேன். 2011 அக்டோபர் 30, பெங்களூர் அரண்மனை மைதானம். தமிழ்நாட்டிலிருந்து ரயிலிலும் பஸ்ஸிலும் போய்ச் சேற்றில் நின்றவர்கள் எத்தனையோ பேர். அங்கே யாராவது ‘ஃப்ரேய்ட் எண்ட்ஸ்’ கேட்டிருந்தால் அடி விழுந்திருக்கும். முதல் தடவையாக வரும் ஊரில் ‘என்டர் சாண்ட்மேன்’தான் அரிய பாட்டு. வருடத்துக்கு இரண்டு தடவை பார்க்கிறவனின் சலிப்பை, ஆயுசுக்கு ஒரு தடவை பார்க்கிறவன் ஏன் சுமக்க வேண்டும்? இதற்கு ஜெர்மானியர் தலையசைத்தார், ஃபின்லாந்துப் பெண்மணி தலையசைக்கவில்லை. 2004 முதல் இவர்களுடைய கச்சேரிகளின் ஒலிப்பதிவு விலைக்குக் கிடைக்கிறது, ஹிட் பாட்டு வேண்டுமென்றால் வீட்டில் கேளுங்கள் என்பது அவர் கட்சி. ஒலிப்பதிவு கிடைக்கும் என்பது அரிய பாட்டுக்கும் பொருந்துமே என்றதற்குப் பதில் வரவில்லை. இன்னொரு காபி வந்தது.

மாலை வரை நடந்த பேரத்தில் அட்டையில் ஐந்து இடம் இப்படி நிரம்பியது. முதல் இடம், சொல்லில்லாத இன்னொரு பாட்டு: த கால் ஆஃப் க்துலு. மூன்றாவது, டிஸ்போசபிள் ஹீரோஸ் (எனக்கு இட ஒதுக்கீடு). நாலாவது, கால்வாய்க்காரரின் சூத்திரப்படி ‘லோட்’ ஆல்பம்: அன்டில் இட் ஸ்லீப்ஸ். பதினொன்று, ஃப்ரேய்ட் எண்ட்ஸ். பதின்மூன்று, வேகத்துக்கு: ஃபைட் ஃபயர் வித் ஃபயர். ‘அவுட்லா டார்ன்’ கேட்ட பையனுக்கு ஒரு தொகுதியும் இல்லை. வெளியிலிருந்து ஆதரவு.

ராத்திரிக்கு பாரா வாங்கிச் சாப்பிட்டோம். சுரினாம்காரர்களின் உளுந்து வடை. நடுவில் ஓட்டை, உள்ளே கீரை, தொட்டுக்கொள்ளக் காரச் சட்னி, ஒன்று 2 யூரோ. வடைதானே என்று ஜெர்மானியருக்குச் சொல்லிக்கொடுக்கப் போனால், கடைக்காரர் குறுக்கிட்டு இது வடை இல்லை, பாரா என்றார்.

ஏப்ரல் 29, சனி

பகலில் வெயில். டி-ஷர்ட்டோடு நடக்கலாம் போல இருந்தது, நிழலில் நின்றால் நடுங்குகிறது. ஊர் சாதாரண ஊராகிவிட்டது, டிராம் ஓடுகிறது. மத்தியானச் சாப்பாடு சுவரில் பதித்த கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுக்கும் குரோக்கெட். காசு போட்டால் சின்னக் கதவு திறக்கும். வெளியே மொறுமொறு, உள்ளே மாட்டுக்கறிக் குழம்பு கொதிநிலையில். உடனே கடித்த பெல்ஜியப் பையனுக்கு மேலண்ணம் வெந்துவிட்டது, சாயங்காலம் வரை பேச்சுக் குறைவு.

வரிசையில் நிற்கும்போது உள்ளிருந்து ஒலிச் சோதனை கசிந்தது. காதைத் தீட்டிக் கேட்டவர்கள் ஆளுக்கொரு பாட்டைச் சொன்னார்கள். ஒலிச் சோதனையை நம்பக் கூடாது. பல சமயம் உதவியாளர்கள்தான் வாசித்துப் பார்ப்பார்கள், தங்களுக்குப் பிடித்ததை.

விளக்கு அணைந்தது, இத்தாலிய இசையமைப்பாளர் மோரிகோனியின் இசை ஓடியது, அடுத்து மெல்லிய கிடார்ச் சரம்: ‘த கால் ஆஃப் க்துலு’. ஜெர்மானியர் அட்டையை எடுத்து முதல் கட்டத்தில் ஒரு கோடு போட்டார், முகத்தில் உணர்ச்சியே இல்லை.

இரண்டாவது, க்ரீப்பிங் டெத். மூன்றாவது, லெப்பர் மெசையா. அதுவும் அடிக்கடி கிடைக்காத பாட்டுதான், அதே 1986 ஆல்பம்தான், ஆனால் என் வேட்பாளர் டெபாசிட் இழந்தார்.

நாலாவது. பேஸ் கிடார் தனியே நடக்கத் தொடங்கிய இரண்டாவது நொடியில் தெரிந்துவிட்டது. ‘அன்டில் இட் ஸ்லீப்ஸ்’. நீண்ட இடைவெளிக்குப் பிறகு. சுற்றியிருந்தவர்களில் பாதிப் பேர் என்ன பாட்டு என்று பக்கத்து ஆளைக் கேட்டார்கள், மீதிப் பாதி ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அரிய பாட்டுக்கு ஸ்டேடியத்தில் விழும் சத்தம் இப்படித்தான் இருக்கும், திட்டுத் திட்டாக. எண்பதுகளின் பாட்டுக்கு வருவது போல ஒரே அலையாக வராது. மேடையிலிருந்து பார்ப்பவருக்கு அது பாதி அரங்கு தூங்குவது போலத்தான் தெரியும். இசைக்குழுக்கள் இந்தப் பாட்டுகளைக் கைவிடுவதில் அந்தத் திட்டுச் சத்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

பிறகு 72 சீசன்ஸ், இஃப் டார்க்னஸ் ஹேட் எ சன், சானிடேரியம், யூ மஸ்ட் பர்ன், தி அன்ஃபர்கிவன், வேர்எவர் ஐ மே ரோம். பதினொன்றாவது இடத்தில் 1988 ஆல்பத்துப் பாட்டுதான் வந்தது, ஆனால் ‘ஹார்வெஸ்டர் ஆஃப் சாரோ’. ஃபின்லாந்துப் பெண்மணி தொகுதியைப் பிடித்தார், வேட்பாளர்தான் வேறு. மாத் இன்டு ஃப்ளேம். பதின்மூன்றாவது ஃபைட் ஃபயர் வித் ஃபயர், அதற்குப் பிறகு மூச்சு வாங்க விஸ்கி இன் த ஜார், ஒன், என்டர் சாண்ட்மேன்.

ஐந்து காலி இடத்தில் மூன்று சரி. நிச்சயம் என்று எழுதிய பதினொன்றில் பெயர் சொன்ன எட்டும் வந்துவிட்டன, புது ஆல்பத்துக்கு ஒதுக்கிய மூன்றும் அப்படியே.

வெளியே வந்ததும் தெருவிளக்கடியில் இரண்டு இரவையும் கூட்டினோம். 32 பாட்டு. ‘ரைட் த லைட்னிங்’ ஆல்பத்தின் எட்டில் ஆறு. ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ எட்டில் ஐந்து. கறுப்பு ஆல்பம் பன்னிரண்டில் ஆறு, புது ஆல்பம் பன்னிரண்டில் ஆறு. 1988-இன் ‘ஜஸ்டிஸ்’ ஆல்பம் ஒன்பதில் இரண்டே இரண்டு. முதல் ஆல்பமான ‘கில் எம் ஆல்’ பத்தில் ஒன்று, ‘விப்லாஷ்’ இல்லாமல். 2003-இன் ‘செயின்ட் ஆங்கர்’ சுத்தமாகப் பூஜ்யம். இடம் இரண்டு மடங்கானதில் அரிய பாட்டுக்கு வந்த லாபம் சொற்பம், ஹிட் பாட்டுகள் நெருக்கியடிக்காமல் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டன. முதல் ஆல்பத்துக்கு ஒரே இடம் என்பதில் மட்டும் நாலு பேரும் ஒரே கட்சி. மெட்ரோ வரும் வரை திட்டினோம்.

ஏப்ரல் 30, ஞாயிறு

பத்து வருடம் முன்பு வரை அரசியின் நாள் கொண்டாட்டம் இந்தத் தேதியில்தான். இன்று வெறும் ஞாயிறு, கடைகள் மெதுவாகத் திறக்கின்றன. லேசான தூறல்.

பைல்மர் நிலையத்தில் எல்லோரும் ஒரே ரயிலுக்குக் காத்திருந்தார்கள். ஃபின்லாந்துத் தம்பதி விமான நிலையத்துக்கு. பையனுக்கு மேலண்ணம் ஆறியிருக்கிறது, அதனால் வாயும் திறந்திருக்கிறது: அடுத்த ஊர் பாரிஸ், மே 17-உம் 19-உம். அங்கே எது மாறும்? முதல் இடமும் கடைசி இரண்டும் மாறாது, மாற்றினால் மூன்றாவதைத்தான் மாற்றுவார்கள் என்றார் ஜெர்மானியர். நாலாவதில் ‘லோட்’ இருக்கும்வரை ‘அவுட்லா டார்ன்’ வரலாமே என்றான் பையன். ஒன்பதே முக்கால் நிமிடப் பாட்டை நாலாவது இடத்தில் வைத்தால் ஐந்தாவது பாட்டுக்கு ஆள் இருக்க மாட்டான் என்று அவர் சொல்ல, வெட்டின வடிவம்தானே அது, வெட்டாததைக் கேட்கவில்லையே என்று இவன் மல்லுக்கு நிற்க, ரயில் வந்து கதவு திறந்தது. பாரா பொட்டலத்தைப் பிரித்தபடி ஃபின்லாந்துப் பெண்மணி உள்ளே ஏறி, ஜன்னலுக்குப் பின்னாலிருந்து பதினொன்று என்று விரலால் காட்டினார்.